எழும்பூர் மணலும் சட்டாம்பிள்ளையும்

கல்வியியல் கல்லூரிகளின் கற்பித்தல் பயிற்சிக் காலம் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்னும் அபூர்வக் காட்சியைக் காணலாம். ஒருவர் பல்லாண்டுகளாக அதே கரும்பலகையின் முன் நின்று பழகியவர். மற்றவர் கல்லூரிச் சீருடைச் சேலையில், ஒரு கையில் பாடக் குறிப்பேடும் மறுகையில் வண்ண அட்டைகளுமாக வந்து நிற்பவர். பிள்ளைகள் இவரைப் 'புது டீச்சர்' என்பார்கள். பயிற்சி முடிந்து அவர் விடைபெறும் நாளில் ஒன்றிரண்டு பிள்ளைகளாவது கண்கலங்குவார்கள். இந்த இருவருக்கும் இடையே அவ்வகுப்பறையில் நிகழ்வது என்ன? புதியவர் கற்பிக்கிறாரா, கற்கிறாரா? பழையவர் ஓய்வெடுக்கிறாரா, ஆசிரியருக்கு ஆசிரியராகிறாரா? இவ்வினாக்கள் இன்று நேற்று எழுந்தவை அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இவற்றுக்கு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் சென்னையிலேயே எழுதப்பட்டது.

'இணைந்து கற்பித்தல்' என்று இன்று கல்வியியல் நூல்கள் பேசும் முறை அமெரிக்காவிலிருந்து வந்ததாகவே பயிற்சி மாணவர்கள் படிக்கிறார்கள். உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் தரவேண்டும் என்று அந்நாடு 1975இல் சட்டம் இயற்றியது. அதன் பின்னர், வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் ஒரே அறையில் சேர்ந்து கற்பிக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. லின் குக், மெரிலின் பிரெண்ட் என்னும் இருவர் 1995இல் எழுதிய கட்டுரை அதன் வகைகளைப் பிரித்துக் காட்டியது. ஒருவர் கற்பிக்க மற்றவர் துணை நிற்பது, வகுப்பைப் பிரித்துக்கொண்டு இருவரும் ஒரே பாடத்தை நடத்துவது, இருவரும் ஒரே குரலாய் நின்று நடத்துவது என்றெல்லாம் அவர்கள் வகுத்தவை தேர்வு விடைகளில் இன்றும் இடம்பெறுகின்றன. நல்ல பிரிப்புத்தான். ஆனால் பெயர் வைத்த இடமே பிறந்த இடம் என்று கொள்வதற்கில்லை.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர், பல படியினர். அரிச்சுவடி தொடங்குபவனும், எண்சுவடி ஒப்பிப்பவனும், நிகண்டு படிப்பவனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். ஒருவரால் இத்தனை பேரையும் கவனிக்க முடியுமா? அங்கேதான் சட்டாம்பிள்ளை வருகிறான். மூத்த மாணவனாகிய அவன் இளையவர்களுக்கு மணலில் விரல் பிடித்து எழுதக் கற்றுத் தருவான், முறை சொல்லுவான், ஏடு வாசிக்கச் செய்வான், வாத்தியார் இல்லாத வேளையில் பிரம்பும் அவன் கைக்கு வரும். மலையாளத்தில் இதே பதவிக்குச் 'சட்டம்பி' என்று பெயர். கேரளத்துச் சீர்திருத்தத் துறவி சட்டம்பி சுவாமிகள் (1853–1924) இளமையில் தம் பள்ளியில் அப்பதவி வகித்ததாலேயே அப்பெயர் பெற்றார். பிற்காலத்தில் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்பது தமிழில் வசைச் சொல்லாகிவிட்டது. அதிகாரம் பண்ணிய சட்டாம்பிள்ளைகளை மட்டும் மொழி நினைவில் வைத்துக்கொண்டது. விரல் பிடித்து எழுதுவித்தவர்களை மறந்துவிட்டது.

பியத்ரோ தெல்லா வால்லே என்னும் இத்தாலியப் பயணி 1623இல் இன்றைய கருநாடகத்தைச் சேர்ந்த இக்கேரியில் ஒரு கோயில் மண்டபத்தைக் கண்டார். அங்கே நான்கு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இராகத்தோடு பாடத்தைச் சொல்லிக்கொண்டே தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத, மற்றவர்களும் அவ்வாறே பாடி எழுதினார்கள். உங்களுக்குப் பிழை திருத்துபவர் யார் என்று அவர் வினவினார். நால்வருமாகச் சேர்ந்து படிப்பதால் நால்வருக்கும் ஒருசேரத் தடுமாற்றம் வராது என்ற பொருளில் அவர்கள் விடையளித்தார்களாம். கற்பித்தலும் கற்றலும் ஒரே வட்டத்தில் சுழன்றதை அப்பயணி வியந்து எழுதிவைத்தார்.

அந்த வியப்பை ஒரு கல்விமுறையாக மாற்றியவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த இவர், ஆங்கிலிக்கன் குருவானவர். 1787இல் சென்னைக்கு வந்து கும்பினிப் படைப்பிரிவுகள் பலவற்றின் குருவாகப் பணியாற்றினார். 1789இல் எழும்பூர்ச் சிறுகோட்டையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக ஓர் இல்லம் தொடங்கப்பட்டபோது அதன் கண்காணிப்பாளர் பொறுப்பை ஊதியம் பெறாமல் ஏற்றார். இன்றைய எழும்பூர் இரயில் நிலையம் அந்தச் சிறுகோட்டை இருந்த நிலத்தில் எழுந்ததே. இல்லத்துப் பிள்ளைகளின் தந்தையர் ஐரோப்பியர். தாய்மார் பலர் இந்நாட்டவர். அத்தாய்மாரைப் பற்றியும், அவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்ததாகத் தாம் கருதிய குணங்களைப் பற்றியும் பெல் கொண்டிருந்த எண்ணம் உயர்வானதன்று. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இல்லத்தின் உதவி ஆசிரியர்கள் அரைகுறை மனத்தோடு பணிபுரிந்தார்கள். அரிச்சுவடி வகுப்பு மாதக்கணக்கில் நகரவேயில்லை. ஒருநாள் காலையில் குதிரைமீது சென்றுகொண்டிருந்த பெல், ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். (அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரையும் தமிழையும் குறித்ததே அச்சொல், மேற்குக் கரையைத் தேடிப் போகவேண்டாம்.) உடனே தம் இல்லத்திலும் கீழ்வகுப்பில் மணலில் எழுதக் கற்பிக்கும்படி ஆணையிட்டார். உதவி ஆசிரியரோ அதைப் பொருட்படுத்தவில்லை. அது நடக்காது என்றே சாதித்தார். பெல் வேறு ஆசிரியரைத் தேடவில்லை. மேல்வகுப்பிலிருந்து ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். படைவீரர் ஒருவரின் மகன் அவன். பெரியவர் முடியாது என்று கைவிட்டதை அச்சிறுவன் செய்து காட்டினான். விரைவிலேயே பல கீழ்வகுப்புகள் அவன் மேற்பார்வைக்கு வந்தன. அவனுக்கு உதவியாக அவனைவிடச் சிறியவர்களும் கற்பித்தார்கள்.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. பிரிஸ்கன் கெட்டிக்காரனாக இருந்ததால் மட்டும் இது கைகூடியதாக எனக்குத் தோன்றவில்லை. தான் அண்மையில்தான் கற்ற ஒன்றை அவன் கற்பித்தான். எந்த எழுத்தில் விரல் தடுமாறும், எந்த இரண்டு எழுத்துகள் மயங்கும் என்பது அவனுக்கு நினைவிருந்தது. பல்லாண்டு கற்பித்தவர் இந்நினைவை இழந்திருப்பார். பெல் பின்னர் ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்தவன் ஒருவனைத் தளர்ந்தவன் ஒருவனோடு இணைத்து அமர்த்தினார். அந்த இணைக்கு மேலே துணையாசிரியன், அவனுக்கு மேலே வகுப்பாசிரியன், இருவரும் மாணவர்களே. தவறுகள் ஒரு கறுப்புப் பதிவேட்டில் ஏறின. வாரந்தோறும் மாணவர் நடுவர் குழு அவற்றை விசாரித்தது. உடல்நலம் குன்றி 1796இல் இங்கிலாந்து திரும்பிய பெல், மறுஆண்டே சென்னைச் சோதனையை நூலாக வெளியிட்டார். ஒரு பள்ளி தன் மேலாளரின் கண்காணிப்பில் தனக்குத்தானே கற்பித்துக்கொள்ள இயலும் என்பதே அதன் தலைப்பு அறிவித்த செய்தி. 'மதராஸ் முறை' என்னும் பெயர் உலகெங்கும் சென்றது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

இலண்டனில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் ஏறத்தாழ இதே முறையைக் கைக்கொண்டார். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்ற அவருடைய கணக்கு பலரை மயக்கிற்று. இருவரில் எவர் முந்தியவர் என்ற சண்டை சபைப் பிரிவினைச் சண்டையாகவும் மாறியது. அதில் நமக்கு வேலையில்லை. முறை எங்கே தன் உயிரை இழந்தது என்பதே நம் கவலை. எழும்பூரில் அருகிருந்து விரல் பிடித்த தோழமை, இலண்டனின் பெருங்கூடத்தில் மணியோசைக்கும் கட்டளைக்கும் அடங்கிய அணிவகுப்பாயிற்று. சிக்கனமே நோக்கமாயிற்று. 1805ஆம் ஆண்டளவில் பெல்லே ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவுமிக்க கல்வி தேவையில்லை என்றும், அவர்களுக்கு எழுத்தும் கணக்கும்கூடக் கற்பிக்கவேண்டியதில்லை என்றும் எழுதினார். மணலில் எழுதிய தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டு பாடம் கற்றவர், தம் நாட்டு ஏழைப் பிள்ளைக்கு வாசிப்பு ஒன்றே போதும் என்றார்! வரலாற்றின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

கும்பினியின் இயக்குநர் குழு 1814இல் இந்தியாவுக்கு அனுப்பிய கடிதத்தில், சென்னையில் குருவாயிருந்த பெல் வழியாக இந்திய ஊர்ப்பள்ளியின் முறை இங்கிலாந்துக்குச் சென்றதை ஒப்புக்கொண்டது. 1823இல் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் தம் அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிசெய்துகொள்ளும் முறையைப் பாராட்டினார். அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. காலையில் முதலாவதாக வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம், இரண்டாமவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பெருமைப்படத்தக்க எண்கள்தாம். ஆயினும் அக்கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அத்திண்ணைகளில் ஏறும் உரிமையே இல்லை. சட்டாம்பிள்ளை யாருடைய விரலைப் பிடித்தான் என்று கேட்பதோடு, யாருடைய விரலைத் தொட மறுத்தான் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

கற்பிப்பவரை ஆயத்தம் செய்யும் எண்ணமும் நம் மண்ணுக்குப் புதியதன்று. தரங்கம்பாடியில் 1716இலேயே சீகன்பால்கு ஆசிரியப் பயிற்சிக்கென ஒரு நிலையம் தொடங்கினார். அதற்கும் முன்னர் பிரான்சில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், 1680களில் ரேம்ஸ் நகரில் ஊர்ப்புற ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1950இல் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது. ஆனால் இன்று நாம் காணும் பயிற்சி ஆசிரியருக்கு நேர் முன்னோர் இங்கிலாந்தின் 'மாணவ ஆசிரியர்'களே. சட்டாம்பிள்ளை முறையால் மட்டும் பள்ளி நடத்த இயலாது என்று கண்ட கே ஷட்டில்வொர்த், 1846இல் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பதின்மூன்று வயது நிறைந்தவர் ஐந்தாண்டுகள் ஒரு தலைமையாசிரியரிடம் பயிலவேண்டும். பகலில் அவரோடு சேர்ந்து கற்பிக்கவேண்டும். பள்ளி நேரத்துக்கு வெளியே அவரிடம் பாடம் கேட்கவேண்டும். முதலாண்டு 10 பவுன் தொடங்கி ஐந்தாமாண்டு 20 பவுன் வரை அவருக்கு உதவித்தொகை உண்டு. கற்றுக்கொடுத்த தலைமையாசிரியருக்கும் தனித்தொகை உண்டு. 1854இன் உட் கல்வி அறிக்கை இம்முறையை இந்தியாவுக்குப் பரிந்துரைத்தது. 1856இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசினர் பயிற்சிப் பள்ளிதான் பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் சைதாப்பேட்டை வட்டத்தில் அடங்கியிருந்த பூவிருந்தவல்லிச் சுற்றுவட்டாரத்துக்கு 'ட்ரெயினிங் வாத்தியார்' என்னும் சொல் பழக்கமானதில் வியப்பில்லை.

புதியவருக்குத் தொகை தருவதோடு பழையவருக்கும் தொகை தரவேண்டும் என்று 1846இலேயே ஒருவருக்குத் தோன்றியது. நான் வழிகாட்டி ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில் அப்படி ஒரு வழக்கம் எப்பள்ளியிலும் இருக்கக் கண்டதில்லை. கையொப்பமிட வேண்டிய பாடக் குறிப்பேடுகள் மட்டும் குவியும்.

நம் கல்வியியல் பட்டப்படிப்பு நெடுங்காலம் ஓராண்டுப் படிப்பாக இருந்தது. நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சியில் புதியவர் நாற்பது பாடக் குறிப்புகளை எழுதி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை ஈராண்டாக்கி, இருபது வாரப் பள்ளி அனுபவத்தையும் வற்புறுத்தின. இருபது வாரம் என்பது நீண்ட காலம். பாடம் நடத்திக் காட்டிவிட்டுப் போகும் விருந்தாளியாக அதற்குமேல் ஒருவர் இருக்க முடியாது. பிள்ளைகளின் பெயரும் வீட்டு நிலையும் அறிந்தவராக ஆகியே தீரவேண்டும். பழையவருக்கும் ஒரு தேர்வு இதில் உண்டு. தன் வகுப்பில் இன்னொரு குரல் ஒலிப்பதை அவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அதை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது. இத்தொழில்களைத் தேடி வெளியூரிலிருந்தும் பின்னர் வெளிமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. இப்பகுதி வகுப்பறையில் தமிழ் மட்டுமே தெரிந்த ஆசிரியரின் முன் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருப்பது இன்று சாதாரணம். ஓராண்டு என் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பயிற்சி ஆசிரியை பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில் அமர்ந்து ஏடு திருத்திக்கொண்டிருந்தேன். வடக்கிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு சிறுமி எதுவும் புரியாமல் விழித்தாள். பயிற்சி ஆசிரியை அவளைத் தமிழும் இந்தியும் தெரிந்த ஒரு பையனின் பக்கத்தில் அமர்த்தி, தாளைக் கையில் கொடுத்து, "நீ மடிச்சுக் காட்டு, அவ சொல்லட்டும்" என்றார். பையன் மடித்தான், அவள் எண்ணினாள், அரை, கால், அரைக்கால் என்று இரண்டு மொழியிலும் சிறுகுரல்கள் கேட்டன. வகுப்பு முடிந்ததும், "இதை எந்தப் புத்தகத்தில் படிச்சேம்மா?" என்றேன். "படிக்கலை டீச்சர், எனக்கும் சின்ன வயசுல பக்கத்துல இருந்தவதான் கணக்குச் சொல்லிக் கொடுத்தா" என்றார். பிரிஸ்கனின் பெயரை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

ஆனால் எல்லாப் பயிற்சி ஆசிரியர்களுக்கும் இப்படி அமைவதில்லை. ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள பள்ளிக்கு அனுப்பப்படும் புதியவர், முதல் நாளே தனி வகுப்பை ஏற்கவேண்டி வரும். வருகைப் பதிவேடு, மதிய உணவு மேற்பார்வை, புள்ளிவிவரப் படிவங்கள் யாவும் அவர் தலையில் விழும். அருகில் நின்று பார்ப்பவர் எவரும் இல்லாதபோது அதை இணைந்து கற்பித்தல் என்று எப்படிச் சொல்வது? அது லங்காஸ்டரின் கணக்கு: சம்பளமின்றிக் கிடைக்கும் கை. இத்தகைய வகுப்பில் இழப்பு இரண்டு தரப்புக்கும். புதியவர் தம் தவறு எது என்று அறியாமலே பட்டம் பெறுகிறார். ஏழைப் பிள்ளைகள் ஆண்டுதோறும் புதிய புதிய கைகளின் முதல் முயற்சிக்கு ஆளாகிறார்கள். வசதியுள்ள பெற்றோர் இதைப் பொறுப்பார்களா? இப்படிப்பட்ட ஒருவர், பயிற்சியின் இறுதியில் என்னிடம், தாம் நன்றாக நடத்தினாரா என்று சொல்ல ஒரு மனிதர்கூட இருக்கவில்லை என்று வருந்தினார்.

சட்டாம்பிள்ளையின் நல்ல முகம் தமிழகத்தில் மீண்டும் ஒருமுறை தோன்றியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில், ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்குக் கிராமப் பள்ளிகளின் அனுபவத்தைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007–08இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு எனப் பிரிந்தார்கள். ஆசிரியரும் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். அப்பாயில் ஆசிரியரும் பயிற்சி ஆசிரியரும் இரு குழுக்களோடு அமர்ந்திருந்த காட்சி எனக்கு மிகவும் உவப்பானது. யார் பெரியவர் என்பது தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பின்னர் அம்முறை பல மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது.

இவ்விடத்தில் பூவிருந்தவல்லியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பார்வையற்றோர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளி அங்கே உள்ளது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் 1988 முதல் அங்கே இயங்கிச் சிறப்பாசிரியர்களை உருவாக்கிவருகிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டத்துக்கும் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கும் பின்னர், பார்வையற்ற பிள்ளைகள் பொதுப் பள்ளிகளிலும் உரிமையோடு வந்து அமர்கிறார்கள். அமெரிக்கக் கட்டுரை எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டதோ அதே சூழல் நம் தெருமுனைப் பள்ளிக்கும் வந்துவிட்டது. ஆனால் சிறப்பாசிரியர் ஒருவருக்குப் பள்ளிகள் பல. வாரத்தில் சில மணி நேரமே ஒரு வகுப்புக்குக் கிட்டும்.

பார்வைக் குறைபாட்டுக்கான சிறப்புக் கல்விப் பயிற்சியில் இருந்த ஓர் இளைஞர் தம் அனுபவத்தை என்னிடம் சொன்னார். புறநகர்ப் பள்ளி ஒன்றில் கணித வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவனின் பக்கத்தில் அவர் அமர்த்தப்பட்டார். ஆசிரியை கரும்பலகையில் விறுவிறுவென எழுதுவார். "இதிலிருந்து இது போனால் இது வரும்" என்பார். சுண்ணக்கட்டி தட்டும் ஓசை மட்டுமே அம்மாணவனுக்குக் கிடைத்த பாடம். பயிற்சி இளைஞர் அவன் காதில் மெல்லச் சொல்லிவந்தார். அது மற்றவர்களுக்கு இடைஞ்சலாயிற்று. மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி, "அம்மா, நீங்க எழுதும்போதே வாய்விட்டுப் படிச்சிட்டா, நான் பேசவே வேண்டியதில்லை" என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார். இருபது ஆண்டு அனுபவமுள்ள அந்த அம்மையார் சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் எழுதிய ஒவ்வொரு வரியையும் எண், குறி, அடைப்பு விடாமல் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாராம். அந்த மாணவன் தன் பிரெயில் சட்டத்தில் ஊசியால் குத்திக்கொண்டே வந்தான். பலகை சரியாகத் தெரியாத கடைசி பெஞ்சுப் பையன்கள் இருவரும் அன்றுதான் முழுக் கணக்கையும் ஏட்டில் ஏற்றினார்கள் என்றார் அவர்.